தனிஸ்லாஸ் வாயில் தெர்மாமீட்டர்

தனிஸ்லாஸுக்கு இருப்பது ஒரே வாய்தான், ஆனால் அதில் இரண்டு பேருக்குப் பேசுவான். மீன்காரி கேட்டாலும் சரி, கோயில் சாமியார் கேட்டாலும் சரி, பெண்டாட்டி ஸ்டெல்லாமேரியைக் கேட்ட கேள்விக்குப் பதில் அவனிடமிருந்துதான் வரும். ஏன்யா என்றால் பாசமாம்.

போன வாரம் மகளுக்கும் அவனே பதில் சொல்லிவிட்டான். ஜாஸ்லின் பத்தாவது முடித்தது போதும், அக்கா மகனுக்குக் கட்டிவைத்துவிடலாம். பதினொன்றாம் வகுப்பில் சேர திங்கட்கிழமை கடைசி நாள். ஸ்டெல்லாமேரிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்று காலையில் மயங்கியே விழுந்தாள். கண் விழித்ததும் முத்தியால்பேட்டை டாக்டரம்மாவிடம் போகலாம் என்றாள். படிப்பை நிறுத்தின பிள்ளைகளுக்காக ஊரெல்லாம் சண்டை போடுகிறவர் டாக்டர் செந்தமிழ்ச்செல்வி என்று அவளுக்குத் தெரியும். தனிஸ்லாஸுக்குத் தெரியாது, பாவம். உப்பளத்து வீட்டிலிருந்து தன் ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னம்மா செய்யுது?" என்றார் டாக்டர்.

"மயக்கம் டாக்டர்," என்றான் தனிஸ்லாஸ்.

"தூக்கம் வருதாம்மா?"

"படுத்தா கட்டைதான்."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க முகமே சரியில்லையே. வாயைத் தெறங்க." பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை அவன் நாக்குக்கு அடியில் சொருகினார். "உள்ள பாதரசம். பேசி, கடிச்சுகிடிச்சு வெச்சீங்கன்னா நேரா கோரிமேடு ஆஸ்பத்திரிதான்."

தனிஸ்லாஸ் சிலையாகிவிட்டான்.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா. நோயாளி நீங்க. பேசற உரிமையும் உங்களுதுதான்."

ஸ்டெல்லாமேரிக்கு முதலில் குரலே வரவில்லை. பழக்கம் வேண்டாமா? அப்புறம் வந்தது பாருங்கள், அடைமழைதான். "எம் பொண்ணு படிக்கணும் டாக்டர். நர்ஸாவணும்னு அழுவுது. திங்கட்கிழமை ஸ்கூல்ல சேர கடைசி நாளு, இவரு அக்கா மகனுக்குக் கட்டிவெக்கறேங்கறாரு. என்னை எட்டாவதுல நிறுத்துனாங்க, ஒரு வார்த்தை கேக்கல. அவளையும் கேக்கல." கண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை.

தனிஸ்லாஸ் விழித்தான். அவள் எட்டாவதோடு நின்ற கதையே அவனுக்கு இன்றுதான் தெரியும். என்றைக்காவது கேட்டிருந்தால்தானே.

"பதினெட்டு ஆவாம கட்டிவெச்சா போலீஸ் கேஸ்," என்று டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை பொண்ணு ஸ்கூல்ல சேருதா?"

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்து எத்தனை காலமாயிற்றோ. தலை மேலும் கீழும் ஆடியது, பாதரசம் சிந்தாத அளவுக்கு.

டாக்டர் தெர்மாமீட்டரை எடுக்கக் கை நீட்டினார்.

"கொஞ்சம் இருக்கட்டும் டாக்டர்," என்றாள் ஸ்டெல்லாமேரி. "நான் இன்னும் முடிக்கல."