நண்டுக் கணக்கில் ஒரு விமான டிக்கெட்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காந்தாக்காவை நான் ஏமாற்றியதால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. ஏமாற்றினேன் என்பது பெரிய வார்த்தை. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். (‘அவ்வளவுதான்’ என்பதை அடித்துவிட வேண்டும்.)

2

தொடக்கம், முதல் வரைவு: ‘ஏரியின் மேல் விடியற்காலை வெளிச்சம்...’ வேண்டாம். ஏரியை நின்று பார்க்க அவளுக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை.

இரண்டாம் வரைவு: ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாப் எதிரில் நான் நடத்தும் இன்டர்நெட் கடைக்கு, சுண்ணாம்புக்குளத்தில் நண்டு விற்கும் காந்தாக்கா இரண்டு மாதம் முன்பு வந்தாள். மகள் இளவரசி அயர்லாந்தில் நர்ஸ். தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். விசா வந்துவிட்டது, டிக்கெட்டுக்கென்று மகள் அறுபதாயிரம் அனுப்பியிருந்தாள். போக வர அன்றைய விலை ஐம்பத்தெட்டாயிரம்.

“போட்டுரலாமாக்கா?”

“இரு தம்பி, இன்னா அவசரம்? காலைல ஏலத்துல நண்டு இன்னா வெல, வெயில் ஏறினா இன்னா வெல? மிஞ்சினத பாதிக்குத் தள்ளி வுட்டுட்டுதான வூட்டுக்குப் போறோம்? காலி சீட்ட அவன் மட்டும் ஐஸ்ல போட்டு வெப்பானா?”

விமானத்தில் அப்படி இல்லை, நாள் நெருங்க நெருங்க விலை ஏறத்தான் செய்யும். தினமும் டிக்கெட் போடுகிற எனக்கு அது தெரியும். ஆனால் அந்த ஐஸ் பேச்சு காதில் விழுந்ததுமே கை நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டது. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவள் பஸ் ஏறியிருந்தாள்.

(மறுநாள் போன் செய்து சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். கதை எப்படிப் போகிறது என்று பார்ப்போமே என இருந்துவிட்டேன்.)

3

டிக்கெட் விலை எழுபத்தோராயிரம். பிறகு எண்பத்திரண்டு. ஒவ்வொரு முறையும் “இன்னும் வெயில் ஏறல” என்று சிரித்தாள். போன வாரம் தொண்ணூற்று நான்கு. அன்று சிரிக்கவில்லை. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

“மொதல்லயே தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. குறைகிற பணத்தை நான் போடுகிறேன் என்றேன்.

“மொதல்ல கட வாடகைய கட்டு, போ.”

குறைகிற பணத்துக்காகத் தன் ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்திருக்கிறாள். பணம் திங்கட்கிழமை கைக்கு வரும். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாள் வியாழக்கிழமை. அதற்குள் விலை இன்னும் எவ்வளவு ஏறும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

4

முடிவுகள்.

அ) விலை திடீரென்று இறங்குகிறது. (மனசு குத்துகிறவன் எழுதியது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

ஆ) பேரக்குழந்தையை அவள் போனில் பார்க்கிறாள். பத்து வரி எழுதினேன். நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததுதான் பயமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

5

இன்று சனிக்கிழமை. கடைக்கு வந்தவளிடம் இதுவரை எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன். கிழித்ததையும் சொன்னேன்.

“இதுல கொயந்த பொறந்துச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

“அப்டியே நிறுத்து. நான் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு எழுத்து எழுதாத.”

நிறுத்திவிட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். நான் விடப்போவதில்லை. தயவுசெய்து நீங்களும் மனதுக்குள் முடித்துவிடாதீர்கள். அவள் இன்னும் கிளம்பவில்லை.