பிரிக்காத பெட்டி

“அம்மா, அந்தப் பெட்டியைப் பிரிப்பம்.”

அரிசி களைந்துகொண்டிருந்த நேசம்மாவின் கை சட்டிக்குள் அப்படியே நின்றது. இந்த வீட்டில் வேறு எதையும் கேட்கலாம். முற்றத்து மாமரத்தைத் தறிக்கச் சொல்லிக்கூடக் கேட்கலாம். இதை மட்டும் வாயால் எடுக்கக்கூடாது என்று மகள் நிருஷாவிடம் பல தடவை சொல்லி வைத்திருந்தாள்.

சுனாமி அலை அடித்த பிறகு தொண்டு நிறுவனக்காரர் கல்லடியில் கட்டிக்கொடுத்த வீடு அது. முன்னறை மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பிரிட்ஜ், கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியோடு, பூப்போட்ட விரிப்புப் போர்த்தியபடி மூன்று வருடமாக நின்றது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப்போட்ட காசில் நேசம்மா வாங்கியது. நிருஷாவின் சீதனம்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவான். பெற்றவர்கள் பின்வளவில் சமைக்க ஒரு குசினியைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். வீட்டோடு கொடுக்கிற சாமான் புத்தம் புதிசாக இருக்கவேண்டும். பாவித்ததைக் கொடுத்தால் ஊர் வாய் மூடாது. நேசம்மாவோ மகளுக்குக் கலியாணம் பேசுமுன்பே பின்குசினிக்குப் பாயைக் கொண்டுபோய்விட்டவள்.

“வெள்ளிக்கிழமை உனக்குப் பேசின சிவதர்ஷன்ட தாய் வீடு பார்க்க வாறா. நாட்டில சண்டை முடிஞ்சு இப்பதான் ஒரு நல்ல காரியம் கூடி வருது. இந்த நேரம் பார்த்துப் பெட்டியைப் பிரிக்கச் சொல்றாய். கம்பஸ்ல இதையா படிப்பிச்சாங்க?”

“நீங்க கிணத்தடியில விழுந்து கிடந்தது மறந்து போச்சா?”

அது நடந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. நேசம்மாவுக்குச் சீனி வருத்தம். நீரிழிவுக்குப் போடும் ஊசி மருந்தை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் வைத்திருந்தாள். மாரியில் அது போதும். கச்சான் காற்று அனலாக அடிக்கிற இந்த நாட்களில் மணல் மத்தியானத்துக்குள் காய்ந்து சுட்டது. கிளினிக்கில் தாதி மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மருந்து பழுதாகிவிட்டது, இனிமேல் இப்படி வைத்தால் காலையே எடுக்கவேண்டி வரும் என்றாள். “வீட்டில பிரிட்ஜ் இல்லையா அம்மா?”

“இல்ல” என்றாள் நேசம்மா, கண் சிமிட்டாமல். பக்கத்தில் நின்ற நிருஷாவுக்குத்தான் முகம் எரிந்தது.

“அது உன்ட சாமான் புள்ள” என்றாள் நேசம்மா இப்போது. “என்ட மருந்து வைக்கவா வாங்கின நான்?”

“என்ட சாமானெண்டா நான் பிரிக்கிறன்.”

கத்தியை எடுத்து நாடாவை நீளத்துக்குக் கிழித்தாள். உள்ளே பொதிந்திருந்த வெள்ளை றெஜிபோம் துண்டுகள் நிலமெல்லாம் சிதறின. நேசம்மா தடுக்கவில்லை, சொந்தக்காரர் செத்த வீட்டில் நிற்பதுபோலச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் பிளக்கைக் குத்திக் கதவைத் திறந்ததும் உள்ளே விளக்கு எரிய, அவளுக்கும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“நல்ல வெளிச்சம்தான்” என்றாள்.

கிளினிக்கில் கொடுத்த புது மருந்தையும் ஒரு போத்தல் தண்ணீரையும் உள்ளே வைத்தார்கள். இரவு முழுவதும் மோட்டார் உறுமியது. விடிந்து பார்த்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

காத்தான்குடியிலிருந்து ஹமீட் வந்தான். பிரிட்ஜ் விற்பதும் திருத்துவதும் அவன்தான். காதை வைத்துக் கேட்டான், பின்னால் தடவினான், கையைத் துடைத்துக்கொண்டான்.

“மூணு வருசம் மூடி வைக்கிறதுக்கு இது என்ன தங்கச்சி, ஊறுகாயா? உப்புக் காத்து குழாயத் தின்னுட்டு. கேஸ் எல்லாம் போயிட்டு.”

“ஓட்டையை அடைக்க ஏலாதா நானா?” என்று அவனை அண்ணன் முறையில் கேட்டாள் நிருஷா.

“முந்தின பிரிட்ஜ் எண்டா குழாய் பின்னால தெரியும், பத்தவைச்சிரலாம். இதுக்குக் குழாய் சுவருக்குள்ள, சுத்திவர நுரை. வெட்டினா உங்களுக்கு ஒரு அலுமாரி மிஞ்சும்.”

உத்தரவாத அட்டை உறைக்குள் மடிப்புக் குலையாமல் இருந்தது. ஒரு வருடம். பெட்டி பிரியாமலே அது முடிந்திருந்தது.

“நல்லாப் பாவிச்சாலும் அஞ்சாறு வருசத்துச் சாமான்தான்” என்றான் ஹமீட். “மறுகா புதுசு வாங்கத்தானே வேணும். இல்லாட்டி கொம்பனிக்காரன் என்னத்தத் தின்ற, நான் என்னத்தத் தின்ற?”

அவன் தலைக்கு மேலே, மரத்தட்டில், வலையில்லாத பழைய மேசை விசிறி சுழன்றது. அலை வாவிக்குள் தள்ளி, சேற்றிலிருந்து எடுத்து, வெயிலில் காயவைத்த விசிறி. அதை வாங்கிய நிருஷாவின் அப்பா அந்த அலையிலிருந்து திரும்பி வரவில்லை. ஹமீட் அண்ணாந்து பார்த்தான்.

“இத எனக்குத் தாறீங்களா அக்கா?”

“வந்த வேலை முடிஞ்சுதானே தம்பி” என்றாள் நேசம்மா.

அவன் போனபின் நிருஷா படியில் குந்தினாள். திருத்த முடியாதபடி திட்டம்போட்டே செய்தவர்கள்மேல் வந்த ஆத்திரம், அவர்கள் தூரத்தில் இருந்ததால், அம்மாமேல் திரும்பியது. அந்த ஆத்திரமும் நிலைத்து நிற்கவில்லை. புழங்கிய சாமானையெல்லாம் ஒரு காலையில் கடல் வாரிக்கொண்டு போனதைக் கண்ட பெண்ணுக்கு, பிரிக்காமல் வைத்தது மட்டும் பத்திரம் என்று தோன்றியதில் என்ன பிழை? செய்த அன்றைக்கே அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிட்டது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய உடம்பையும் அவள் அப்படித்தான் வைத்திருந்தாள், மகளின் கலியாணம் முடியட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று.

பின்னால் ‘சர்’ரென்று சத்தம் கேட்டது. நேசம்மா அட்டைப்பெட்டியைப் பிரிட்ஜைச் சுற்றி நிமிர்த்தி, புது நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்த மூலையக் கொஞ்சம் பிடி.”

“என்னம்மா செய்றீங்க?”

“வெள்ளிக்கிழமை அவ பெட்டியத்தானே பார்ப்பா. பிளக்கைக் குத்தியா பார்க்கப்போறா? கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்தால பழுதாப் போயிட்டெண்டு சொல்லுவம். இப்பத்தைய சாமான்தானே, ஆரும் நம்புவாங்க.”

நம்புவார்கள்தான். அதுதான் நிருஷாவைச் சுட்டது. இந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் பின்னாலும் அடி கருகிய அரிசிக் குக்கர் கிடந்தது, சூடாகாத இஸ்திரிப்பெட்டி கிடந்தது. ஒருவரும் கோபிப்பதில்லை. இன்னொன்று வாங்கினார்கள், அவ்வளவுதான்.

“மருந்து?”

“பானைக்குள்ள வைச்சிட்டன். மணலை நல்லா நனைச்சிரிக்கன்.”

நிருஷா எழும்பி உள்ளே போனாள். பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு மாமா போட்ட இரண்டு தங்கக் காப்புகளையும் சவர்க்காரம் பூசிக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். வெளியே வந்து செருப்பை மாட்டினாள்.

“எங்க வெளிக்கிடுறாய்?”

“ஹமீட் நானாட கடைக்கு. சின்னதா ஒரு பிரிட்ஜ் எடுக்கப்போறன். அது உங்கட குசினிக்கு.”

நேசம்மா அவள் வெறுங்கையைப் பார்த்தாள். “அதும் அஞ்சாறு வருசத்தில போயிரும் புள்ள.”

“போகட்டும். அதுவரைக்கும் நீங்க இரிக்கணும்.”

“வெள்ளிக்கிழமை அவ கேட்டா நான் என்ன சொல்ற?”

“அவ வரத் தேவையில்ல. கடையால அப்படியே ஆரையம்பதிக்கு அவட வீட்டுக்குப் போறன். பிரிட்ஜ் செத்துப் போச்சு, இன்னொண்டு வராது, காப்பும் இல்ல எண்டு நானே சொல்றன்.”

“வேணாமெண்டு சொன்னாங்களெண்டா?”

“என்ட முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.”

நேசம்மா பின்னால் போக எழும்பினாள். நாடாவின் நுனி விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதைப் பிய்த்து எடுப்பதற்குள் நிருஷா வேலிப் படலையைத் தாண்டிவிட்டாள். பெரிய தெருவில் காத்தான்குடிப் பக்கம் போகிற பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.