தட்டில் முளைத்த ரத்தக் குழாய்

கண்ணாடித் தட்டிலிருந்த கூழ் இந்த முறையும் உருகித் தண்ணீராகிவிட்டது. ஞானாம்பிகைக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கெலுகோர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவள் செய்த வேலை சொல்வதற்கு எளிது. பிரசவ வார்டிலிருந்து வரும் நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாயைச் சின்னத் துண்டாக நறுக்கி, ரத்தம்போல உறையும் கூழுக்குள் பதித்து, புதுக் குழாய்களை முளைக்க வைக்க வேண்டும். முளைத்தால், அந்த வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைத் தேடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மயிரிழைபோல ஏதோ எட்டிப் பார்க்கும். அதற்குள் கூழ் கரைந்துவிடும்.

"வருஷக் கடைசிக்குள்ள ஒண்ணும் வரலன்னா ரூமை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க" என்றார் ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் மஹ்பூபா.

ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபால் ஊரிலிருக்கும் அண்ணன் அப்புத்துரையைப் பார்க்கப் போனாள். நீரிழிவுக்காரர். ஒரு கண்ணுக்குள் வேண்டாத ரத்தக் குழாய்கள் வளர்ந்து, கசிந்து, பார்வை மங்கியிருந்தது. போதாததற்கு முந்தின நாள் ஒரு பல்லையும் பிடுங்கியிருந்தார்.

"என் கண்ணுல கேக்காமலே வளருது. ஒன் தட்டுல கெஞ்சினாலும் வளர மாட்டேங்குது. என்ன சயின்ஸ் இது லா."

அவள் சிரித்துவிட்டாள். "பல்லு எடுத்த எடத்துல ரத்தம் நின்னுச்சா அண்ணே?"

"நேத்து நிக்கவே இல்ல. காலைல கிளினிக் போனேன். உறைஞ்ச ரத்தம் கரையாம இருக்க ஒரு மருந்து தந்தாங்க. அப்புறந்தான் நின்னுச்சு."

ஞானாம்பிகை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். புண்ணிலுள்ள உயிர்த்தசை, உறைந்த ரத்தத்தைத் தானே கரைக்கிறது. அவள் பதித்த துண்டும் உயிர்த்தசைதானே! வளர வழி தேடி அதுதான் கூழைத் தின்றுகொண்டிருக்கிறது.

மறுநாள் அந்த மருந்தையே கூழில் கலந்தாள்.

"குழாயும் சேர்ந்து செத்துட்டா?" என்றார் மஹ்பூபா.

"செத்தா அதையும் தெரிஞ்சுக்குவோம், டாக்டர்."

சாகவில்லை. கூழ் கெட்டியாக நின்றது. அந்த வாரக் கடைசியில் துண்டைச் சுற்றி நாலா பக்கமும் இழைகள் ஓடி, கிளைவிட்டு, ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. மஹ்பூபா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு கதவைத் திறந்து, நடையில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டார். வரிசை வாசல்வரை நீண்டது.

"இனி நிறுத்திப் பாக்கணும்" என்றாள் ஞானாம்பிகை.

அடுத்த தொகுதியில் பாதித் தட்டுகளில், குழாய் வளர்ச்சியைத் தடுக்குமென்று ஏற்கெனவே தெரிந்த ஒரு மருந்தைச் சோதனைக்காக விட்டாள். அவற்றில் இழைகள் முளைவிட்ட இடத்திலேயே நின்றுபோயின. மற்றவற்றில் காடாய் மண்டின. மனிதக் குழாய் அவள் கண்ணெதிரே வளர்ந்தது, அவள் சொன்னபோது நின்றது.

அன்று பகல் ஆய்வுக்கூடமே நாசி கண்டார் சோற்றுக் கடைக்குக் கிளம்பியது. பல மாதமாக எதிலும் ருசி தெரியாதிருந்தவள், மீன் குழம்பு ஊற்றச் சொல்லி இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.