வெள்ளிக்கிழமை என்று திருத்தியவள்

அச்சகத்தில் அவளை எல்லாரும் புரூஃப் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக ஒரே நாற்காலி. ஒரு கால் ஆடுகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டாள். ஆனால் அவள் கண்ணுக்கு ஓய்வில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்குமுன் பத்திரிகையில் விட்டுப்போன 'க்'கைத்தான் பார்ப்பாள் என்று கண்ணாடிக்காரர் கேலி செய்வார். எதிர் மேசையில் கணினியில் எழுத்துக் கோப்பவர் அவர். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடி அவரிடம் இருக்கும்.

ஒருநாள் காலை முதலாளி ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"மேடம், இது கொஞ்சம் சீக்கிரம் வேணும். தலித் ஒருத்தர் எழுதின சொந்தக் கதை. இப்ப இந்த மாதிரிதான் ஜனங்க தேடிப் படிக்கிறாங்க. நானே ரெண்டு இடத்துல அழுதுட்டேன்னா பாத்துக்கங்களேன்."

"யார் சார் எழுதினது?"

"புனைபெயர்ல எழுதறார். சின்ன வயசு, வாத்தியார் வேலை. முதல் புரூஃப் அவரே பாத்துக் கையெழுத்தும் போட்டுட்டார். நீங்க கடைசியா ஒரு ஓட்டு ஓட்டிடுங்க, அச்சுக்கு விட்டுடலாம்."

மூன்றாம் பக்கத்திலேயே அவள் பேனா நின்றுவிட்டது. மில் சங்கு ஊதும்போதெல்லாம் அப்பா செருப்பைத் தேடிக்கொண்டே, "இரு இரு, வர்றேன், கத்தாத" என்று சங்குக்குப் பதில் சொல்வார் என்று எழுதியிருந்தது. சங்கோடு பேசிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் அவளுடைய அப்பா. அப்படியானால் எழுதியவன் அவள் தம்பி.

அவள் வீட்டை விட்டு வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும்போது ஒருவரை விரும்பினாள். அவருக்கு அவள் எந்தத் தெருவென்று தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: அவர் வீட்டுக்கு அவள் தாய் தகப்பன் இல்லாத, அவர்கள் சாதியிலேயே பிறந்த பெண். அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அம்மா தலை நிமிராமல் கேட்டாள். பிறகு, "போ. எங்களைத் தேடி வந்து மாட்டிக்காத. அங்கயாவது நாலு பேரு மாதிரி இரு" என்றாள். அவளும் போனாள். நாலு பேர் மாதிரி இருந்தாள். தம்பிக்கு அப்போது பதிமூன்று வயது.

படிக்காமல் வைத்துவிடலாம் என்றால் வேலை அது. ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டும். மில்லின் கழிவுத் தொட்டிக்குள் அப்பாவை இறக்கிய அத்தியாயம் வந்தது. நடந்தது நடந்தபடியே இருந்தது. மழை விட்ட மறுநாள், திங்கட்கிழமை. மேஸ்திரி கயிற்றைக் கட்டி, இறங்கு என்றான். வாடை தாங்கவில்லை, காற்றுப் போகட்டும் என்று அப்பா சொன்னார். "உனக்கு என்னடா புதுசா வாடை?" என்று மேஸ்திரி சிரித்தான். இறங்கியவர் ஏறவில்லை. குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று எழுதி முடித்தார்கள். சோற்றுத் தூக்கோடு தொட்டியின் ஓரத்தில் நின்று, எல்லாவற்றையும் பார்த்தவள் பன்னிரண்டு வயது அக்கா. தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தான். கொதிக்கும் கஞ்சி பட்டு அக்காவின் இடது காது மடங்கிப்போனது, அவள் படித்த விடுதி, அவள் எடுத்த பாடம் ஒன்றும் விடவில்லை. 'அக்கா எங்கோ வேறு சாதிக்காரியாக வாழ்கிறாளாம். வாழட்டும்' என்றும் இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அம்மா இறந்துபோனாள்.

அவளுக்கு அதுவரை தெரியாது. ஆறு வருடம் ஆகியிருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்த மூன்று நாளும் அம்மாவின் கண் வாசலை விட்டு நகரவில்லை என்று தம்பி எழுதியிருந்தான். 'அக்காவை தேடிக்கொண்டே அந்தக் கண் நின்றது.' அவள் அந்த வரியை நாலு தடவை படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவால் 'அக்காவை'க்கும் 'தேடி'க்கும் நடுவில் ஒரு 'த்' போட்டாள். கை பழகிய பழக்கம் அது.

"என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தலைவலி."

வீட்டுக்குப் போயும் அதையே சொன்னாள். மாமியார் அவளைப் படுக்க வைத்து நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள். "நாள் பூரா அந்தப் பொடி எழுத்தைப் பாத்தா வலிக்காம என்ன செய்யும்? விட்டுட்டு வீட்ல இருடின்னா கேக்கறியா?" விரல்கள் இதமாக இருந்தன. பெற்ற தாய்க்கு அழ முடியாமல் அந்த மடியில் அவள் கண்ணை மூடிக் கிடந்தாள்.

புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காது, விடுதி எல்லாம் எழுதியிருக்கானா? எங்கம்மா படிச்சா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவா. பொண்ணுக்குப் பதினாறு வயசு ஆகுது, யோசிச்சுப் பாத்தியா?"

"என்ன பண்ணட்டும்ங்க?"

"பேனா உன் கையிலதானே இருக்கு?"

மறுநாள் பதினேழு திருத்தம் போட்டாள். மடங்கிய காது போயிற்று. விடுதி போயிற்று. தொட்டி ஓரத்தில் நின்ற அக்கா, 'அந்தப் பக்கமாகப் போன யாரோ' ஆனாள். சாவுச் செய்தி அப்போது பேப்பரில் மூலையில் வந்திருந்தது. கிழமையை வைத்துத் தேடினால் அப்பா பேர் கிடைக்கும், அப்பா பேர் கிடைத்தால் பிள்ளைகள் பேரும் கிடைக்கும் என்று பயந்தாள். வருடத்தை மாற்றினால் தம்பியின் வயது இடிக்கும். அதனால் திங்கட்கிழமையை அடித்துவிட்டு வெள்ளிக்கிழமை என்று எழுதினாள். ஏன் வெள்ளி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாயில் வந்தது.

"இவ்வளவு மாத்தமா?" என்று கண்ணாடிக்காரர் ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுக்கொண்டார். "கையெழுத்துப் போட்ட பிறகா?"

"எழுதினவர்தான் மாத்தச் சொன்னார்" என்றாள். பொய் சொல்ல அவளுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

புத்தகம் வந்த அன்று தம்பி பிரதிகள் வாங்க வந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த நடையைப் பார்த்ததுமே அவள் எழுந்து காகிதக் கிடங்குக்குள் போய்விட்டாள். அடுக்கி வைத்த ரீம்களுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அப்பாவின் குரல் அப்படியே. "பிழை பாத்தவங்களுக்கு நான் ஒரு புத்தகம் குடுக்கணும் சார்" என்றான். அவன் போன பிறகு வந்து பார்த்தால் மேசை மேல் இருந்தது: 'என் பிழைகளைத் திருத்திய அம்மாவுக்கு, நன்றியுடன்.'

ஒரு வாரம் கழித்து அவன் போனில் முதலாளியிடம் கத்தியது இரண்டு மேசைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அக்காவை எங்கே காணோம், கிழமை எப்படி மாறியது என்று கேட்டான். முதலாளி சமாதானம் சொன்னார். "சின்னச் சின்ன விஷயம் தம்பி. அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். இதையெல்லாம் யார் கவனிக்கப் போறாங்க?"

கவனித்தார்கள். மில்லை இப்போது நடத்துவது பழைய முதலாளியின் மகன். அவர் பக்கத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. தொடங்கிய நாள் முதல் அந்த மில்லுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் காவல்காரர் தவிர ஒரு ஆள் உள்ளே இருக்க முடியாது. மேஸ்திரி ஏது, வேலை ஏது? பார்த்த சாட்சி என்று ஒருவர்கூடப் புத்தகத்தில் இல்லை. சாதியைச் சொல்லி அனுதாபம் தேட ஒரு குடும்பத்தின் பேரைக் கெடுத்த கட்டுக்கதை இது என்று இருந்தது. பேப்பரில் 'கற்பனைக் கண்ணீர்' என்று தலைப்புப் போட்டார்கள். நேற்றுவரை மேடையில் அவனைக் கட்டிப்பிடித்தவர்கள் போனை எடுக்கவில்லை. பொய் எழுதுகிறவன் எங்கள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லித் தருவான் என்று அவன் பள்ளிக்கூடத்து வாசலில் பெற்றோர் பத்துப் பேர் நின்றார்கள்.

நோட்டீஸைப் படித்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமைதான் அப்பா வீட்டில் இருப்பார். முழங்கால்களுக்கு நடுவே அவளை உட்கார வைத்துப் பேன் பார்ப்பார். அது எப்படி மறந்தது? மறந்தே போயிருந்தது. பத்தொன்பது வருடம் மறந்து மறந்து பழகியதில் அந்த வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்து போயிருந்தன.

இரண்டு நாள் மென்று முழுங்கினாள். மூன்றாம் நாள் மதியம், முகவரியை எழுதி எடுத்துக்கொண்டு தம்பி இருந்த அறைக்குப் போனாள். ஒற்றை அறை. சுவரோரம் விற்காத பிரதிகள் கட்டுக் கட்டாக இருந்தன. கதவைத் திறந்தவன் முதலில் காதைப் பார்த்தான்.

"அக்கா" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நாற்காலியில் இருந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டான். தண்ணீர் கொண்டு வந்தான். "பேப்பர்ல பாத்துட்டு வந்தியா? நீ பாத்தியே, நீ சொன்னா போதும்க்கா, நீ மட்டும்..."

"நான்தான்டா மாத்தினேன்."

அவனுக்குப் புரியவில்லை.

"அந்த அச்சகத்துல பிழை பாக்கறவ நான்தான். கிழமையை மாத்தினது நான். அக்காவை எடுத்ததும் நான்தான்."

அவன் கட்டிலில், அந்தத் துணிமேலேயே உட்கார்ந்தான். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டே இருந்தார்கள். வண்டி கிளம்பிய பிறகுதான் கேட்டான்.

"அம்மா செத்ததைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"அங்கயும் திருத்தினியா?"

"ஒரு ஒற்று மட்டும்."

அதற்கப்புறம் அவன் அவளை நேராகப் பார்க்கவே இல்லை. ஆனாலும் வழக்கு இருந்தது. அவளைத் தன் வக்கீலம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனான். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது மெதுவாகக் கேட்டான்.

"திங்கட்கிழமைதானே?"

"திங்கட்கிழமைதான்டா. சத்தியமா."

"எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. எனக்கு அஞ்சு வயசு. நீ சொன்னதுதானே எல்லாம்."

வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"நீங்க சொல்றது ஒவ்வொண்ணையும் நான் நம்பறேன். பழைய பேப்பர்ல திங்கட்கிழமை இருந்தாலும் குடிச்சு விழுந்தார்னுதான் இருக்கும், புரூஃபும் இவர் எழுதினதுதான், இறக்கினதைப் பாத்த சாட்சி நீங்க ஒருத்தர்தான். ஆனா கூண்டுல ஏறினதும் அவங்க வக்கீல் கேக்கற முதல் கேள்வி நீங்க யாருன்னுதான். கல்யாணப் பதிவுல உங்க சாதி என்ன போட்டிருக்கு?"

"அவங்க சாதிதான்."

"அப்பா, அம்மா பேரு?"

"வேற பேரு."

"பத்தொன்பது வருஷமா தான் யாருன்னே பொய் சொன்னவங்க, பன்னண்டு வயசுல பாத்ததை மட்டும் உண்மையா சொல்றாங்களான்னு கேப்பான். என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கா?"

அப்படியும் எழுதித் தருகிறேன் என்று பிடிவாதமாக நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்தில் அப்பா பேரின் முதல் எழுத்தைச் சேர்த்துக்கொண்டாள். அந்த நாலு பக்கமும் எதிர்த்தரப்புக்குப் போனது, பேப்பருக்கும் போனது. சாதியை மறைத்த அக்கா, கதை கட்டிய தம்பி என்று இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். குடும்பமே பொய்க்காரக் குடும்பம் என்றாகிவிட்டது.

முதலாளி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நான் சாதி பாக்கறவன் இல்லம்மா, அது உங்களுக்கே தெரியும். ஆனா எழுத்தாளர் எழுத்துல கை வெச்சிட்டீங்களே. தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கில்ல?" அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை அவளால். அச்சகத்தின் தண்ணீர்ப் பானையை அந்த வாரமே மாற்றிவிட்டார்கள் என்று கண்ணாடிக்காரர்தான் பின்னால் ஒருநாள் சொன்னார். பழையது ஒழுகியதாம்.

மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. இளைய மகன் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டினாள். அவள் பத்தொன்பது வருடம் சாப்பிட்ட தட்டை மருமகளே கழுவித் துடைத்து எடுத்துவந்து, "அத்தை, உங்க தட்டு" என்று நீட்டினாள்.

"அது இங்கயே இருக்கட்டும். புதுசு வாங்கிக்கறேன்."

புருஷன் கூடத்தில் படுக்கத் தொடங்கினார். அவரை என்ன சொல்ல? தன் பங்குக்கு அவரும் பொய்யைச் சுமந்தவர்தான். மகள் மட்டும் நாலு நாள் கழித்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஸ்கூல்ல கேக்கறாங்கம்மா. என்ன சொல்லட்டும்?"

'உண்மையைச் சொல்லு' என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. மகள் உள்ளே போய்விட்டாள்.

புத்தகத்தில் உள்ள சில நிகழ்ச்சிகள் கற்பனை என்று தம்பி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். வேலையைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றாள் வக்கீலம்மா. பிரதிகளைக் கூழாக்க லாரியில் ஏற்றிப் போனார்கள். வேலை மிஞ்சியது, தொலைவில் வேறொரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவன் அதற்குப் பிறகு எழுதவில்லை.

அவள் இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிக்குப் போன் செய்வாள். சில சமயம் எடுப்பான்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"பரவாயில்ல."

அக்கா என்று அவன் சொல்வதில்லை. அவள் இன்னும் ஏதாவது கேட்க யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "சரி, வைக்கிறேன்" என்பான்.