வண்டிக்குப் பூசை

சந்தன வாசனை வந்தாலே எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. காரணம் கந்தப்பன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், வாலிபர் சங்கத்தின் கரம் போர்டு போட்டிக்கும் அவர்தான் தலைவர். அவர் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. வயதுக்காகச் சொல்கிறேன்.

நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போனவன் நான். நாலு வருடம் தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே கிடந்தேன். சீமைக்குத் திரும்பிய துரை, தன் தாயார் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியை எனக்கு விட்டுவிட்டுப் போன பிறகுதான் வெளிச்சத்தைப் பார்த்தேன். பகலில் கொழுந்து பறிப்பவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் சாயங்காலம் கரம் போர்டு போடுவார்கள். என் விரலுக்கு அப்படி ஒரு குறி இருப்பது எனக்கே அங்கேதான் தெரிந்தது.

அந்த வருடம் கடைசிச் சுற்றில் நானும் தோட்டத்து மேல்டிவிசன் அழகுமுத்துவும். கொட்டகலை டவுனில் கப் வாங்கி வைத்திருந்தார்கள். கப் கிடக்கட்டும். ஒருத்தன் என்மேல் பாவம் பார்க்காமல் என்னைத் தோற்கடிக்க மெனக்கெடுவான் அல்லவா, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மரத்திலிருந்து விழுந்த நாள் முதல் யாரும் எனக்குத் தராத மரியாதை அது.

ஆட்டம் ஆயுதபூசை லீவு நாளில், காலை பத்து மணிக்கு. விடிந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம். என் மனைவி நாகலெட்சுமி முகமெல்லாம் பூரிப்பாக நின்றாள்.

"பேக்டரியில எல்லா மிசினுக்கும் பொட்டு வைக்கிறாங்களாம். நம்ம வண்டியையும் கேட்டாங்க. பெருமையா இருந்துச்சுங்க, குடுத்துட்டேன்."

போய் வாங்கி வரச் சொன்னேன். வெறுங்கையோடு திரும்பினாள். தேயிலை அரைக்கும் மிசின்களுக்குப் பக்கத்தில் நாற்காலி மாலையும் சந்தனமுமாக நிற்கிறதாம். பூசையில் வைத்த சாமானை அந்திப் பூசை முடியும்வரை தொடக்கூடாது என்று கந்தப்பன் சொல்லிவிட்டாராம். அப்படியானால் இரண்டு பேர் வந்து என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் குளித்துச் சுத்தமாக இருக்கிறார்களாம். கால் விளங்காத என்னைத் தொட்டால் சுத்தம் போய்விடுமாம்.

கடைசியில் அவளே என்னை முதுகில் சுமந்தாள். லயத்துக் கானைத் தாண்டும்போது கால் வழுக்கி, இருவரும் சாக்கடையில் விழுந்தோம். அங்கே கிடக்கும்போதே பிள்ளைக்காம்பராவில் கைதட்டும் சத்தம் கேட்டது. வீரய்யா வரவில்லை என்று என் பெயரைச் சொல்லி அறிவித்து, கப்பை அழகுமுத்துவிடம் கொடுத்துவிட்டார் கந்தப்பன். நான் ஏன் வரவில்லை என்று அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் தப்படித்துக்கொண்டு நாற்காலியை எங்கள் லயத்து வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லொறி தன் பழத்தை நசுக்கியாயிற்றாம், இனி இந்த வண்டிதான் பாக்கியாம். அதற்கு நான் ஏறி உட்கார வேண்டுமாம்.

முதலில் ஆட்டம், பிறகு பழம் என்றேன். கந்தப்பன் சிரித்தார். கப் கொடுத்தாயிற்று, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

"அப்ப நீங்களே ஒக்காந்து ஓட்டுங்கண்ணே."

சிரிப்பு நின்றது. அழகுமுத்துவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். மறுபடி கந்தப்பனிடம் திரும்பினேன்.

"காலையில சாமின்னு தொட்டுக் கும்பிட்டீங்கள்ல? இப்ப ஒக்கார என்னா பயம்?"

"நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சா தம்பி இது? அதுல ஒக்காந்தா நானும் ஒன்னைய மாதிரி ஆயிடமாட்டேனா?"

நாகலெட்சுமி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாலையைக் கழற்றிக் கானில் போட்டாள். இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளிப் பழங்களை நசுக்கிக்கொண்டு நேரே கந்தப்பனை நோக்கி வந்தாள். அவரும் கூட்டமும், அவள் காற்றுப் பட்டாலே கால் போய்விடும் என்பதுபோல் பின்வாங்கினார்கள்.