மார்வாவுக்கு நடுவே மூச்சு

ஸ்பீக்கரில் கேட்பது தன் குழல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மார்வா ராகம், அவளுடைய நீண்ட மூங்கில் குழல், போன வாரம் வாசித்த அதே ஆலாபனை. எல்லாம் சரி. ஆனால் ஆரம்பித்த ஸ்வரம் போகிறது, போகிறது, நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது!

"அடேங்கப்பா!" என்றார் தபலாக்காரர். "மூச்சே வாங்கலியேம்மா? திமிங்கலம்கூட நடுவுல மேல வந்துட்டுப் போகும்."

ஒலிப்பதிவாளர் பெருமையாக நாற்காலியைத் திருப்பினார். "மூச்சுச் சத்தம் ஒண்ணு விடாம வெட்டி எடுத்துட்டேன் மேடம். இடைவெளியையும் ஒட்டியாச்சு. சார்தான் சொன்னாரு."

சார் என்றால் அவள் அண்ணன், ஸ்டுடியோ முதலாளி. நுரையீரலில் பாதியை அறுத்தெடுத்த பிறகு அவள் வாசித்த முதல் பதிவு இது. குழலைத் தொடவே கூடாது என்ற டாக்டரோடு மல்லுக்கட்டி, படுக்கையில் உட்கார்ந்து ஒற்றை ஸ்வரத்திலிருந்து மறுபடி தொடங்கியவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற அண்ணனிடம் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு வெட்டச் சொன்னே?"

"உன் நல்லதுக்குத்தான்டி," என்றான் அண்ணன். "இழுத்து இழுத்து மூச்சு வாங்குறே. கேக்கறவங்க ஐயோ பாவம், சீக்காளின்னு பேச மாட்டாங்க?"

"பேசட்டுமே! முடியாமத்தானே வாசிச்சேன்? அந்த மூச்சுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? தூசி மாதிரி தட்டி விட்டிருக்கே. பழசையே போடு."

ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். "அது மேலயே சேவ் பண்ணிட்டேன் மேடம். பழசு அழிஞ்சு போச்சு."

நாசமாய்ப் போச்சு. அவள் குழலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மறுபடி வாசிக்கிறேன்."

"இன்னிக்கு உன்னால முடியுமா?"

"முடியலைன்னா அதுவும் பதிவாகட்டும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக்கை வாயருகே இழுத்து வைத்துக்கொண்டாள். தம்பூரா ஒலித்தது. மார்வாவில் ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தை லேசில் தொட மாட்டார்கள், காக்க வைப்பார்கள். அவளும் காக்க வைத்தாள். ரிஷபத்தில் நின்று நீட்டிக்கொண்டே போனபோது காற்று தீர்ந்து ஸ்வரம் பட்டென்று அறுந்தது.

அண்ணன் கை நிறுத்தும் பட்டனுக்குப் போனது. அவள் குழலை இறக்காமல் முறைத்தாள். கையை எடுத்துவிட்டான்.

நெஞ்சு விம்ம, அறை முழுக்கக் கேட்கும்படி மூச்சை இழுத்தாள். அறுந்த அதே ரிஷபத்தைப் பிடித்து, நேராக ஷட்ஜத்தில் கொண்டுபோய் இறக்கினாள்.