வெட்டக் கூடாத மந்திரி

1

வேப்பனப்பள்ளிச் சந்தையில் ஒருவன் சொன்ன கதை இது. அவன் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று தெரியாததால் முழுவதையும் எழுதுகிறேன்.

முதல் வரி இப்படி வந்தது: ‘ஐம்பத்து மூன்றாம் வருடம், மாமரங்கள் பூத்துக் குலுங்கிய ஒரு...’

அடித்துவிட்டேன். பயந்தவன் பூவைப் பார்ப்பானா?

2

பயந்தவன் கரியப்பன். உத்தனப்பள்ளி ராமப்பனின் நிலத்தை, விளைச்சலில் பங்கு பேசி, வாரத்துக்கு உழுகிறவன். ராமப்பனுக்குச் சதுரங்கப் பித்து. போன வருடம் அவரை ஜெயித்த இன்னொரு வாரக்காரன் முனிவேலின் வயலில் இன்று வேறொருவன் ஏர் ஓடுகிறது. அடுத்து ஆடிய திம்மராயன் வேண்டுமென்றே தோற்றான். அது அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவன் நிலமும் போயிற்று.

அடுத்து ஆடக் கூப்பிட்டது கரியப்பனை. ஆக, அவன் தோற்கவும் வேண்டும், தோற்பது தெரியவும் கூடாது.

(அவனுக்கு இவ்வளவு புத்தி ஏது என்பீர்கள். நிலம் போகிறதென்றால் உங்களுக்கும் வரும்.)

3

பெங்களூர்ப் போட்டியில் பார்த்த ஆட்டம் ஒன்றை ராமப்பன் கொண்டுவந்தார். அதில் சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் பாயும். ராஜா ஒருமுறை குதிரைபோலத் தாவலாம் என்ற நம் பக்கத்து வழக்கம் கிடையாது. அங்கே கற்ற தொடக்க நகர்த்தல்களை ஊருக்கெல்லாம் ஆடிக் காட்டினார்.

கரியப்பன் களத்து மண்ணில் கட்டம் கீறி, மாங்கொட்டையும் கூழாங்கல்லுமாக அதையே போட்டுப் போட்டுப் பார்த்தான்.

“எங்க தோக்கறதா இருக்க?” என்றாள் மனைவி நஞ்சம்மா.

“அவரு யானை உள்ள பூந்ததும் நான் முழிக்கணும்.”

“அதுக்குப் படிக்கணுமா? நீ எப்பவும் அப்பிடித்தான முழிக்கற.”

அவன் அடுத்த கூழாங்கல்லை நகர்த்தினான்.

4

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ராமப்பன் தொடக்கத்தைப் பாதியில் மறந்துபோனார். அதைக் காட்டிக்கொள்ளாமல் மந்திரியை வீசி, “செக்” என்றார்.

கரியப்பனின் ராஜாவுக்கு நகர இடமில்லை. குறுக்கே வைக்கக் காயில்லை. குதிரையால் மந்திரியை வெட்டுவது ஒன்றுதான் வழி. வெட்டினால் அதே குதிரை செக் வைத்துவிடும்; தன் காய்களுக்குள்ளேயே அடைபட்டு நிற்கும் ராமப்பனின் ராஜா அத்தோடு தீர்ந்தார்.

“ஐயா, ராஜா ஒருக்கா தாவிக்கட்டுமா? நம்மூரு ஆட்டத்துல...”

“பெங்களூர்ல அதெல்லாம் இல்லடா. ஆடு.”

“நான் தோத்துட்டன்னே வெச்சுக்கங்க.”

“திம்மராயன் வேலைய எங்கிட்டயே காட்டறயா? கைய வெய்யி.”

கரியப்பன் குதிரையைத் தூக்கினான்.

5

முடிவு ஒன்று: கை தவறிப் பலகை கவிழ்கிறது. ராமப்பன் நம்பமாட்டார். அடித்துவிட்டேன்.

இரண்டு: அவர் மனம் மாறி, அவனைத் தட்டிக்கொடுத்து... அப்படி ஒரு நிலக்காரரை நான் பார்த்ததில்லை.

மூன்று: கரியப்பன் குதிரையை

மாட்டேன். இந்த வரியை முடித்தால் அவன் நிலம் போகிறது. வாசலில் நஞ்சம்மா நிற்கிறாள். குதிரை அந்தரத்தில் இருக்கிறது, அவன் விரல்களில்.

அவசரமென்றால் நீங்களே கீழே வையுங்கள். யார் வைத்தது என்று ராமப்பன் கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லாதீர்கள்.